'சிக்னல் இல்லை' என்றால் கணினி செத்துவிட்டது என்று பொருளல்ல

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சாக்கில் சுற்றிய கணினியொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் இறக்கினார். பிபிசி மைக்ரோ, மாடல் பி. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்டது. 1984இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் நுழைந்த கணினி இதுதான். கழித்துக்கட்டிய சாமான்களோடு ஏலத்தில் எடுத்தாராம்.

"மானிட்டரில் மாட்டினால் சிக்னல் இல்லை என்கிறது தம்பி. மதர்போர்டு போய்விட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள்."

"சுவிட்சைப் போட்டதும் சத்தம் ஏதாவது வந்ததா ஐயா?"

"வந்தது. கட்டையாக ஒன்று, உடனே கீச்சென்று ஒன்று."

பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. அந்த இரட்டை ஒலி வந்தால் பிபிசி மைக்ரோ ஓரளவு நலமாக எழுந்துவிட்டது என்று பொருள். கட்டைக் குரல் மட்டும் நிற்காமல் ஒலித்தால்தான் கவலைப்பட வேண்டும். இன்னும் ஐயமிருந்தால், திரையே இல்லாமல் 'விடியூ 7' (VDU 7) என்று ஆங்கில எழுத்தில் தட்டி ரிட்டர்ன் விசையை அழுத்துங்கள். 'பீப்' என்றால் விசைப்பலகை, நினைவகம், பேசிக் மொழி எல்லாம் வேலை செய்கின்றன.

ஆனாலும் நான் உடனே மின்சாரம் கொடுக்கவில்லை. பவர் சப்ளையைத் திறந்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில், தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறையோடு இருந்த கெப்பாசிட்டர் (மின்தேக்கி) காய்ந்த குளத்து மண்போல வெடித்திருந்தது. இந்தக் கணினிகளில் இது ஊரறிந்த வியாதி. காகித அடுக்குகளால் ஆன பாகம். உறையில் விரிசல் விழுந்தபின் ஆண்டுக்கணக்கில் ஈரத்தைக் குடித்துவைத்திருக்கும். 230 வோல்ட் ஏறி இரண்டாம் நிமிடமோ இருபதாம் நிமிடமோ, அறை முழுக்க நாற்றமும் புகையுமாகிவிடும். ஆசிரியர் வீட்டில் அது நடக்காமல் போனது அதிர்ஷ்டம்தான். வீட்டு மின்சாரத்தைத் தாங்கும் எக்ஸ்2 வகைப் புதுக் கெப்பாசிட்டர்களை மாற்றி, மின்னோட்டம் எல்லை மீறாமல் தடுக்கும் சீரிஸ் பல்பு வழியாகத்தான் முதல் முறை மின்சாரம் கொடுத்தேன். இந்த வேலை பழக்கமில்லாதவர்கள் பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம்; உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 320 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவைத்துக்கொள்ளும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

இனி திரைக்கு வருவோம். முன்பு இதைப் பார்த்த அந்தக் கடையில், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே அனுப்பும் கணினியின் ஆறு முனை ஆர்ஜிபி சாக்கெட்டிலிருந்து மானிட்டரின் விஜிஏ பிளக்குக்கு ஒரு கேபிளைப் பற்றவைத்திருந்தார்கள். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை, எல்லாம் சரி. படம் மட்டும் வராது. பிபிசி மைக்ரோ தொலைக்காட்சியின் தாளத்தில் பேசுகிறது: நொடிக்கு 50 முறை திரையை வரையும், ஒவ்வொரு முறையும் 312½ வரி. பெருக்கினால் நொடிக்கு 15,625 வரி. 1987இல் வந்த விஜிஏ நொடிக்கு ஏறக்குறைய 31,500 வரி. இன்றைய மானிட்டர்களில் பெரும்பாலானவை 30,000 வரிக்குக் கீழே வந்தால் காதைப் பொத்திக்கொண்டு 'சிக்னல் இல்லை' என்கின்றன. போதாததற்கு, விஜிஏ மானிட்டர் கிடைமட்ட ஒத்திசைவையும் (வரி தொடங்கும் நேரத்தைச் சொல்வது) செங்குத்து ஒத்திசைவையும் (படம் தொடங்கும் நேரத்தைச் சொல்வது) தனித்தனிக் கம்பியில் எதிர்பார்க்கிறது; இந்தக் கணினி இரண்டையும் ஒரே கம்பியில் அனுப்புகிறது.

நல்லவேளையாக, அந்தக் கேபிளில் ஆறாவது முனையைத் தொடாமல் விட்டிருந்தார்கள். அதில் 5 வோல்ட் இருக்கிறது. மின்னழுத்த விஷயத்தில் ஐபிஎம் கணினிகளின் பழைய வண்ணப் படக் கார்டான சிஜிஏ வைத்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அதன் ஒன்பது முனை சாக்கெட்டில் வருவது 5 வோல்ட் அளவிலான டிஜிட்டல் சிக்னல். விஜிஏ நிறக் கம்பி எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். இடையில் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காமல் இணைப்பது மானிட்டருக்குச் செய்யும் துரோகம்.

சோதனைக்கு நான் கையாளும் வழி மிக மலிவானது. பிபிசி மைக்ரோவின் பின்புறம் பிஎன்சி சாக்கெட் ஒன்று உண்டு, சிசிடிவி கேமராவில் இருக்கும் அதே வகை. சிசிடிவி கடைகளில் விற்கும் பிஎன்சி-ஆர்சிஏ அடாப்டரைச் செருகி, எல்சிடி டிவியின் மஞ்சள் ஏவி துளைக்குக் கொண்டுபோனால் போதும். நம் டிவிகள் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வளர்ந்தவை என்பதால் 50 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 50 முறை) முகம் சுளிப்பதில்லை. படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். மாடல் பி அப்படித்தான் வெளிவந்தது. மதர்போர்டில் எஸ்39 என்ற இணைப்பைப் போட்டால் நிறம் வரும், ஆனால் 80 எழுத்து வரிகள் கலங்கிப்போகும். எனக்குக் கறுப்பு வெள்ளையே பிடிக்கும்.

தினமும் பயன்படுத்த வேண்டுமானால் ஏவி சிக்னலை எச்டிஎம்ஐயாக மாற்றும் பெட்டியை வாங்காதீர்கள், எழுத்துகளை மெழுகிவிடும். ஜிபிஎஸ்-8200 என்ற பலகை விஜிஏ வெளியீடு தரும், படம் சுமார். என் தேர்வு 'ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ'. ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கணினியின்மேல் ஒரு சிறு பலகை. முதலில் பிபிசி மைக்ரோவுக்காகவே உருவானது. கணினியின் எட்டு நிறங்களையும் புள்ளிக்குப் புள்ளி அப்படியே எண்களாகப் பிடித்து எச்டிஎம்ஐயில் அனுப்புகிறது. அதனால் எழுத்து விளிம்பில் கசிவே இராது.

ஆசிரியருக்கு அன்று பிஎன்சி வழியே போதுமானதாக இருந்தது. கடையிலிருந்த பழைய டிவியில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரி வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னைக் கேட்காமலே விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.