எக்ஸ்ட்ரீமோபைல்: கடுஞ்சூழல்விரும்பி

கொழும்பு, புறக்கோட்டைக் கருவாட்டுக் கடைகளில் சிலவேளை உப்புப் பூத்த மீனின் மேல் இளஞ்சிவப்புப் படலம் ஒன்றைக் காணலாம். சாயம் பூசியிருக்கிறார்கள் என்று வாங்க வந்தவர் முகஞ்சுளிப்பார். பெரும்பாலும் அது சாயமன்று, செறிந்த உப்பிலேயே பெருகும் நுண்ணுயிர்களின் இயல்பான நிறம். உப்பளப் பாத்தியில் நீர் வற்றி உப்பு இறுகும் தறுவாயில் தோன்றும் செம்மைக்கும் இவற்றின் இனத்தவையே காரணம். மீன் கெடாமலிருக்க நாம் இடும் உப்பு இவற்றுக்கு உறைவிடமாகிவிடுகிறது. இவ்வாறு பிற உயிர்கள் தாங்காத கடுஞ்சூழலில் செழிக்கும் உயிர்களுக்கான பொதுப்பெயரே எக்ஸ்ட்ரீமோபைல்.

இச்சொல்லை 1974இல் மக்எல்ராய் என்னும் ஆய்வாளர் ஆக்கினார். இலத்தீனில் ‘எக்ஸ்ட்ரீமஸ்’ என்பது யாவற்றிலும் புறத்தே, விளிம்பில் உள்ளதைக் குறிக்கும். கிரேக்கத்தில் ‘பிலோஸ்’ என்பது அன்புடையதைக் குறிக்கும். பெயருக்கு முன்பே பொருள் கண்டறியப்பட்டிருந்தது. 1960களில் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளை ஆராய்ந்த தோமஸ் புரொக், 70 பாகை செல்சியசில் செழித்து வளரும் தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்ற பற்றீரியாவைத் தம் மாணவருடன் சேர்ந்து 1969இல் விவரித்தார். கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் சிதையாத அதன் நொதியமே பின்னாளில், டி.என்.ஏ.யைப் பன்மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை இலகுவாக்கியது. கொவிட் காலத்தில் ‘பி.சி.ஆர். எடுத்தாச்சா?’ என்று கேட்காத வீடு கொழும்பில் இருந்திராது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வெந்நீரூற்று இருந்ததை அன்று நினைத்தவர் சிலரே. சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கும் அழுத்தக்கலன் பொதுவாக 121 பாகையில் இயங்குகிறது. ஆனால் கடலடி வெப்பத்துளைகளைச் சேர்ந்த ஓர் ஆர்க்கியா (பற்றீரியாவிலிருந்து வேறான ஒருகல நுண்ணுயிர்), உயர் அழுத்தத்தில் 122 பாகையிலும் பெருகுவதை 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர்.

தமிழில் இதைத் ‘தீவிர உயிரி’ என எழுதுவோர் உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. ‘தீவிர’ என்றதும், குறிப்பாக நம் நாட்டில், மனம் வேறெங்கோ போய்விடுகிறது. நோய் பரப்பும் கொடுங்கிருமி என்ற மயக்கமும் எழுகிறது. தீவிரம் சூழலுக்கு உரியது, உயிருக்கு உரியதன்று. ‘கடுஞ்சூழல் உயிரி’ அதனினும் நன்று, ஆயினும் ‘பிலோஸ்’ அதில் விடுபட்டுப்போகிறது. வெப்பவிரும்பி, குளிர்விரும்பி, அமிலவிரும்பி, உப்புவிரும்பி எனப் பிரிவுப் பெயர்கள் ஒரே அச்சில் அமைவதால், பொதுப்பெயரும் ‘கடுஞ்சூழல்விரும்பி’ என்றிருப்பதே பொருத்தம்.

விருப்பம் என்ற கூறை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 1956இல், கதிர்வீச்சினால் கிருமிநீக்க முயன்ற தகர இறைச்சியில் பிழைத்திருந்த டைனோகொக்கஸ் ரேடியோடியூரன்ஸ், மனிதரைக் கொல்லும் கதிர்வீச்சைப் போல் பன்னூறு மடங்கைத் தாங்கும். ஆனால் அது வளர்வதற்குக் கதிர்வீச்சு தேவையில்லை. எனவே அது கதிர்வீச்சுத்தாங்கி. தாங்கி என்றால் கூரைமேல் உள்ள தண்ணீர்த் தாங்கிதான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் என்பது வேறு விடயம். விரும்பியோ அச்சூழலின்றி வாழாது: உப்பளத்து ஆர்க்கியாக்கள் பலவற்றை நல்ல தண்ணீரில் விட்டால் கலம் (செல்) வெடித்து மடியும். வேம்பின் புழுவுக்கு வேம்பு கசப்பதில்லை. ‘கடும்’ என்ற அடைமொழி நம் நாவின் தீர்ப்பேயன்றிப் புழுவின் தீர்ப்பன்று.

இச்சொல்லோடு இணைந்து வழங்கும் ‘அஸ்ட்ரோபயோலஜி’யை, அதாவது பூமியிலும் அதற்கு அப்பாலும் உயிரின் தோற்றத்தையும் இருப்பையும் ஆராயும் துறையை, வானுயிரியல் எனலாம். இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் இலங்கையின் காலி நகரில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும. நாசாவின் ஏம்ஸ் ஆய்வுநிலையத்தில் பணியாற்றிய அவர், 1969இல் அவுஸ்திரேலியாவில் விழுந்த மேர்ச்சிசன் விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதைத் தம் குழுவினருடன் வெளிப்படுத்தினார். அவர் வேதியியலாளர், உயிரின் மூலப்பொருட்களைத் தேடினார். நுண்ணுயிரியலாளரின் கேள்வி சற்று வேறானது: உறைந்த மேலோட்டின் கீழ் உப்புக்கடல் கொண்டதாகக் கருதப்படும், வியாழனின் யூரோப்பா போன்ற துணைக்கோளில் எத்தகைய கலம் பிழைக்கும்? அதற்கு விடை தேடவே நுண்ணுயிரியலாளர் அந்தாட்டிக்காவின் வறண்ட பள்ளத்தாக்குக்கும் சிலி நாட்டின் அத்தக்காமாப் பாலைக்கும் போகிறார். அவரைக் ‘கடுஞ்சூழல்விரும்பி ஆய்வாளர்’ என எழுதினால், கடுஞ்சூழலை விரும்புபவர் அவரே என்றும் பொருள்படும். ‘கடுஞ்சூழல்விரும்பிகளை ஆராயும் நுண்ணுயிரியலாளர்’ என விரித்தெழுதுவதே முறை, முதற் பொருளும் முற்றிலும் பிழை என்று சொல்வதற்கில்லையாயினும்.