டிராஃப்டா, இன்னொரு வருஷமா? முட்டியைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்

ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசிவரை, அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் நன்றாக ஆடும் பையன்களின் வீடுகளில் ஒரே பேச்சுதான். இந்த வருஷமே என்.பி.ஏ. டிராஃப்டுக்கு, அதாவது அமெரிக்கத் தொழில்முறை லீகின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளுக்குப் போவதா, இன்னொரு சீசன் காலேஜிலேயே ஆடுவதா? நான் இங்கே கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். டிராஃப்டில் யார் எத்தனையாவதாகப் போவார் என்று கணிப்பது என் வேலை இல்லை. ஆனால் அந்த வாரங்களில் எங்களிடம் வரும் பையன்களைப் பார்க்கும்போது, பல குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பது தெரிகிறது. "இன்னும் ஒரு வருஷம் இருந்தால் ஆட்டம் மெருகேறுமா?" என்கிறார்கள். 19 வயதில் யாருக்குத்தான் ஏறாது? கேட்க வேண்டியது, அணிகளுக்கு உங்கள் பையன்மேல் இருக்கும் சந்தேகம் எது, அது ஒரு வருஷத்தில் தீரக்கூடிய சந்தேகமா என்பதுதான்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்ட் இரண்டே சுற்று, கூடிப்போனால் 60 பேர். முதல் சுற்றில் போனால் இரண்டு வருஷச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றுக்கு அப்படி எந்த உறுதியும் விதியில் கிடையாது; பலருக்கு 'டூ-வே' ஒப்பந்தம்தான் கிடைக்கும், அதாவது பாதி நாள் என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியான ஜி லீகில், பாதி நாள் பெரிய அணியில். 2024-25 சீசனில் அதற்குச் சுமார் 5.78 லட்சம் டாலர். வெறும் ஜி லீக் ஒப்பந்தம் என்றால் அந்த சீசனுக்குச் சுமார் 43,000 டாலர்தான், ஒரு சாதாரண அலுவலக வேலைச் சம்பளம். ஆக 25ஆவது இடத்துக்கும் 45ஆவது இடத்துக்கும் நடுவே இருக்கும் பையனுக்குத்தான் இந்தக் கேள்வி உண்மையிலேயே கஷ்டம். முதல் பத்துக்குள் வருவான் என்று எல்லாரும் சொல்கிற பையனுக்கு யோசிக்க அதிகம் இல்லை.

இப்போது சந்தேகத்துக்கு வருவோம். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஆடிய பட்டி ஹீல்ட் 2015இல் டிராஃப்டுக்குப் போகாமல் கடைசி வருஷம் இருந்தார். தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்கள் கூடையில் விழுவது 36 சதவீதத்திலிருந்து 46 சதவீதத்துக்கு ஏறியது, 2016இல் ஆறாவதாகப் போனார். எறிவது பயிற்சியில் வருகிற விஷயம், அந்த வருஷம் அதற்குப் போதுமாக இருந்தது. பர்டூவின் சாக் எடீயும் அப்படித்தான். 2023இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதெல்லாம் வாங்கியும், இவ்வளவு உயரமான ஆள் வேகமான ஆட்டத்துக்கு ஈடு கொடுப்பாரா என்று அணிகள் தயங்கின. டிராஃப்டுக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு காலேஜுக்கே வந்து, 2024இல் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோய், அங்கே தோற்றாலும் தனியாக 37 புள்ளி எடுத்து, ஒன்பதாவதாகப் போனார்.

மறுபக்கமும் இருக்கிறது. அயோவாவின் லூகா கார்ஸா 2020இல் டிராஃப்டிலிருந்து விலகி வந்து அடுத்த சீசனில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரராகவே ஆனார், ஆனாலும் 52ஆவதாகத்தான் போனார். கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 2022இல் அதே விருதுகளை வாங்கிவிட்டு இன்னொரு வருஷம் இருந்தார், 2023இல் 58 பேரில் அவர் பெயர் வரவே இல்லை. இவர்கள் சரியாக ஆடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய அணிகள் இவர்களிடம் பார்த்தது காலின் வேகம், உயரம், வயது. கல்லூரியில் இன்னும் 30 ஆட்டம் ஜெயித்தால் அவை மாறாது, வயது கூடத்தான் செய்யும். அதற்காக இவர்கள் இருந்தது தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். கல்லூரி ஆட்டம் பிடித்திருந்தது, படிப்பு முடியட்டும் என்று நினைத்தார்கள் என்றால் அதுவே போதுமான காரணம். ஆனால் எந்தக் காரணத்துக்காக இருக்கிறோம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், 'அடுத்த வருஷம் இடம் ஏறும்' என்று நம்ப வைத்து ஒரு பையனை உட்கார வைக்கக்கூடாது.

என் துறை இதில் எங்கே வருகிறது என்றால், அணிகள் உடம்பையும் ஒரு சந்தேகமாகப் பார்க்கின்றன. ஒஹையோ ஸ்டேட்டின் ஜாரெட் சலிஞ்சர் 2011இல் போயிருந்தால் முதல் சில இடங்களுக்குள் வருவார் என்றுதான் பேச்சு. இருந்தார். 2012இல் மருத்துவப் பரிசோதனையில் முதுகைப் பார்த்து டாக்டர்கள் எச்சரித்தார்கள், 21ஆவது இடத்துக்கு இறங்கினார். முதல் சீசன் முடியும் முன்னாலேயே முதுகில் அறுவை சிகிச்சை.

நான் அதிகம் பார்ப்பது முட்டிச் சில்லுக்குக் கீழே வரும் வலி. குதித்துக் குதித்து ஆடுபவர்களுக்கு அந்த இடத்துத் தசைநாண் நொந்துபோய்விடும். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் சில்லின் கீழ் நுனியில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடம்தான் வலிக்கும், பையன் உடனே காலை இழுத்துக்கொள்வான். சரிவான பலகையில் ஒற்றைக் காலில் நிற்க வைத்து மெதுவாக மடக்கச் சொன்னால் பாதியிலேயே முகம் மாறிவிடும். ஆனால் கேட்டால் "ஒன்றும் இல்லை, சூடேறினால் சரியாகிவிடும்" என்பான். சூடேறினால் வலி குறைவது உண்மை, அதுதான் ஏமாற்றும். மறுநாள் காலை படியிறங்கும்போது தெரியும். இது இரண்டு வாரம் ஓய்வெடுத்தால் போகிற வலி இல்லை. எடை வைத்து, மெதுவாக, வாரக்கணக்கில், பெரும்பாலும் மூன்று மாதமோ அதற்கு மேலோ அந்தத் தசைநாணுக்கு வேலை கொடுத்துத்தான் திரும்பப் பலப்படுத்த வேண்டும். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்த பையனோ மே மாதம் முழுக்க ஊர் ஊராகப் பறந்து, ஒவ்வொரு அணி முன்னாலும் முழு மூச்சாகக் குதித்துக் காட்டுகிறான். அப்புறம் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஜூனில் காலேஜ் பயிற்சிக்கு வருகிறான். தசைநாண் ஆறுவதற்கு நடுவில் இடமே இல்லை.

ஆகவே 'இருக்கிறேன்' என்று முடிவெடுப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கோடைக்காலத்தைத்தான். அந்த மூன்று மாதம் உடம்புக்குக் கிடைக்குமா? கோச்சிடம் இதைப் பேசிவிட்டீர்களா? முட்டி ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒன்பது மாதத்துக்கு முன்னால் களமிறங்கினால் மறுபடி கிழியும் ஆபத்து மிக அதிகம். மாதக் கணக்கு மட்டும் போதாது, தொடைத் தசையின் பலம் மற்றக் காலில் இருப்பதில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட பையனுக்கு இன்னொரு வருஷம் நல்ல யோசனையாக இருக்கலாம், நவம்பர் முதல் ஆட்டத்திலேயே இறக்கிவிடமாட்டார்கள் என்றால்.

பணம் இப்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷத்துக்கு ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர்வரை. 2021இல் 353 பேர் முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள், 2025இல் 106 பேர்தான். இரண்டாம் சுற்றுக்குப் போவதைவிடக் காலேஜில் அதிகம் கிடைக்கிறது, யார் போவார்? பையன்கள் கையில் காசு வருவது எனக்குச் சந்தோஷமே. கவலை வேறு. பணம் வாங்கியாகிவிட்டது, இனி வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று தயங்கும் பையன்களைப் பார்க்கிறேன். கையெழுத்துப் போடும் முன், காயம்பட்டால் மீதிப் பணம் வருமா என்று ஒரு வக்கீலை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். பணம் வாங்கினாலும் வலியைச் சொல்லும் உரிமை போய்விடாது என்பதைப் பையனுக்கும் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் பையன் என்றால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். எடீ கனடாக்காரர், ஷீப்வே காங்கோக்காரர். கூட ஆடிய அமெரிக்கர்கள் போல இவர்களால் இங்கே சம்பாதிக்க முடியவில்லை. ஷீப்வே அணியோடு பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளைச் செய்தார். மற்ற பையனுக்கு வருகிறதே என்று கையெழுத்துப் போட்டால் விசாவுக்கே ஆபத்து வரலாம், குடிவரவு வக்கீலைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

பட்டத்தைப் பற்றி அம்மாக்கள் கேட்பார்கள். டிம் டங்கன் நான்கு வருஷமும் படித்து முடித்துவிட்டு 1997இல் முதலாவதாகப் போனார். ஸ்டெஃபன் கரி 2009இல் பாதியில் போய் 2022இல் பட்டம் வாங்கினார். படிப்பைத் திரும்பிவந்து முடிக்கலாம், அதனால் அது ஒன்றுக்காக மட்டும் முதல் சுற்றை விடச் சொல்லமாட்டேன்.

காம்பைன், அதாவது டிராஃப்டுக்கு முன் அணிகள் பையன்களை அளந்து சோதிக்கும் முகாம், முடிந்து பத்து நாளுக்குள் பெயரைத் திரும்ப வாங்கிவிட வேண்டும், அந்தப் பத்து நாளில் தூக்கம்கூட இருக்காது. அதனால் மார்ச்சிலேயே செய்யவேண்டியது: இதுவரை எடுத்த எம்.ஆர்.ஐ. படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள் எல்லாவற்றையும் கல்லூரி டிரெயினரிடமிருந்து ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியோடும் ஏஜென்டோடும் சம்பந்தமில்லாத ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். இருப்பது என்று முடிவானால் காயத்துக்கான காப்பீட்டை விசாரியுங்கள். நிரந்தரமாக ஆட முடியாமல் போவதற்கு ஒன்று, டிராஃப்டில் இடம் இறங்கி இழப்பு வந்தால் அதற்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு. பழைய காயங்களை அதில் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள், எனவே எதை விலக்கியிருக்கிறார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள்.