ஒரு தட்டலில் இரண்டு சத்தம்

ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்ட் பக்கத்தில் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஓர் எழுத்து விசையை மிக மெதுவாக அடிவரை அழுத்தி, அதே மெதுவில் விடுங்கள். நடுவில் எதுவும் தட்டுப்படாமல் நேராக இறங்கும் லீனியர் வகை ஸ்விட்ச் என்றால் லேசான உரசலைத் தவிர எதுவும் கேட்காது. ஆனால் திரையில் எழுத்து விழுந்திருக்கும்.

வழக்கமான ஸ்விட்ச்சில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதி வழியில், சுமார் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். மீதி தூரத்தையும் விரல் அதே வேகத்தில் தள்ள, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தண்டு அடித்தளத்தில் போய் மோதும். அது முதல் சத்தம். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் தண்டை மேலே எறியும். அது மேல்மூடியில் முட்டும். இது இரண்டாவது. 'கிளிக்' என்று கேட்கும் புளூ வகை மட்டும் விதிவிலக்கு: அதில் தண்டு இரண்டு துண்டு, நடுவழியில் ஒரு துண்டு சட்டென்று தாவி அடிக்கும். மெதுவாக அழுத்தினாலும் அந்தச் சத்தம் போகாது. அதைப் பிடிக்காதவர்கள் ஸ்விட்ச்சையே மாற்றிவிடுவது நல்லது.

சரி, எல்லா ஸ்விட்ச்சிலும் மோதல்தான் என்றால், ஒரு கீபோர்ட் 'தொக்' என்றும் இன்னொன்று 'கிளாக்' என்றும் ஏன் பேசுகின்றன? மோதல் கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை. அவ்வளவு குறுகிய அடியில் தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியும் கலந்தே இருக்கும். எது நிலைக்கும், எது அடங்கும் என்பதைச் சுற்றியிருக்கும் பொருள்கள் முடிவு செய்கின்றன. மிருதங்கத்தின் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்பினால் தோலின் கனம் கூடி நாதம் கீழே இறங்குகிறதே, அதே கணக்குதான். இறுக்கமும் விறைப்பும் சுருதியை ஏற்றும்; கனம் இறக்கும்; மெத்தென்ற பொருள் அதிர்வை விழுங்கும்.

ஸ்விட்ச்சுகளைத் தாங்கும் பிளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் விறைப்பானது, சத்தம் கூர்மையாக எழும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும், சத்தம் தணிந்து தடிக்கும். அதற்கும் கீழே காலியான பெட்டி இருந்தால், குடத்தைத் தட்டியது போல் ஒரு வெற்றொலி கூடவே வரும். ஃபோம் வைத்து நிரப்பினால் அது போய்விடும். சர்க்யூட் போர்டின் முதுகில் இரண்டு மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுவது இதிலேயே மலிவான வித்தை. காகித டேப்தான், உலோக டேப்பை ஒட்டி ஷார்ட் ஆக்கிவிடாதீர்கள். விரல் படும் மேல் தொப்பியான கீகேப்பும் முக்கியம்: மெல்லிய சுவர் என்றால் சலசலக்கும், 1.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருந்தால் அடக்கமாக ஒலிக்கும்.

இவற்றை எல்லாம் வாங்குவதற்கு முன், ஸ்பேஸ் பாரின் ஒரு மூலையை மட்டும் தட்டிக் கேளுங்கள். கடகடவென்றால் குற்றவாளி ஸ்டெபிலைசர். நீளமான விசைகள் ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க அடியில் ஒரு கம்பி ஓடுகிறது. கம்பியின் இரு முனைகளும் பிளாஸ்டிக் குழிக்குள் தளர்வாக உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஆடும். அந்தக் குழிக்குள் கெட்டியான கிரீஸை அடைத்தாலே பாதிச் சத்தம் ஒழிந்தது. என்னைக் கேட்டால், விலையுயர்ந்த ஸ்விட்ச் வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விடுவது வீண் செலவு.

அப்புறம் ஸ்விட்ச்சுக்கு கிரீஸ் போடும் வேலை. ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்: மேல்மூடி, தண்டு, ஸ்பிரிங், அடிப்பாகம். ஸ்பிரிங்குகளை ஜிப் கவரில் போட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்கினால் அந்தக் 'கிணிங்' ரீங்காரம் அடங்கிவிடும். தண்டு வழுக்கி இறங்கும் பக்கவாட்டுத் தடங்களில் மெல்லிய பிரஷ்ஷால் க்ரைடாக்ஸ் 205ஜி0 போன்ற கிரீஸைத் தடவ வேண்டும். பிளாஸ்டிக் மேலே வெள்ளையாகத் திட்டுத் தெரிந்தால் அது அதிகம். ஈரப்பளபளப்பு மட்டும் தெரிய வேண்டும். நடுவில் மேடு தட்டுப்படும் டாக்டைல் வகையில் தண்டின் இரண்டு கால்களையும் தொடக்கூடாது. தொட்டால் மேடு மழுங்கிவிடும். 87 விசைக்கு ஒரு முழு சாயங்காலம் போய்விடும்.

அறுபதாவது ஸ்விட்ச்சுக்கு மேல் எனக்குப் பொறுமை போய்விட்டது. கை தாராளமாகி, ஒன்றில் கிரீஸ் வழிந்து உள்ளேயிருக்கும் உலோகத் தகடுகளுக்கு நடுவே புகுந்துவிட்டது. கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. மாட்டியது F விசை. தமிழ்99 என்ற தட்டச்சு அமைப்பில் புள்ளி வைப்பது அந்த விசைதான். 'தொக்' என்று அருமையாகக் கேட்டது. ஆனால் 'நான்' என்று அடித்தால் திரையில் 'நான' என்று வந்தது. மறுபடி திறந்து, தகட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்த பிறகுதான் நான் முழுசாக 'நான்' ஆனேன்.