சோடியப் படிமம்: சொல் விளக்கம்

தலையில் அடிபட்டவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். அவருக்கோ வாரக்கணக்கில் தலை கனக்கும், வெளிச்சம் கூசும், படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. வழக்கமான ஸ்கேன் காட்டுவது மூளையின் உருவத்தை. தடுமாறிக்கொண்டிருப்பதோ அதன் உள்வேலை. அந்த உள்வேலையை எட்டிப் பார்க்க ஆய்வாளர்கள் கையிலெடுத்திருக்கும் முறைகளில் ஒன்று சோடியம் எம்.ஆர்.ஐ., அதாவது சோடியப் படிமம்.

முதலில் ‘சோடியம்’. 1807ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய எரிசோடாவில் மின்சாரம் பாய்ச்சி இந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சோடாவிலிருந்து வந்ததால் சோடியம். சரி, சோடா எங்கிருந்து வந்தது? உவர்நிலச் செடி ஒன்றின் அரபுப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். அந்தச் செடியை எரித்த சாம்பலில்தான் சோடா கிடைத்தது. வேறு சிலர் அரபியில் தலைவலியைக் குறிக்கும் ‘ஸுதா’ என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். தலைவலி மருந்தாக இருந்த ஒரு பொருளின் இலத்தீன் பெயர் வழியாக அது சோடாவானது என்பது அவர்கள் வாதம். இரண்டில் எது சரி என்று முடிவாகவில்லை. தலையில் அடிபட்டவர்களைப் பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டாவது கதை மனதில் ஒட்டிக்கொள்கிறது. வேதியியலில் சோடியத்துக்கு இடும் ‘என்.ஏ.’ என்ற குறியீடு வேறு வழியில் வந்தது. நேட்ரான் என்ற எகிப்திய உவர்க்கனிமத்திலிருந்து பிறந்த ‘நேட்ரியம்’ என்ற பெயரின் சுருக்கம் அது.

இதைத் தமிழில் ‘உப்பு’ என்று எழுதக் கூடாது. நாம் உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். ‘உவர்’ என்ற வேரிலிருந்து ஒரு சொல்லை ஆக்கலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரத்தப் பரிசோதனைத் தாள் வரை சோடியம் பழகிவிட்டது. அதை மாற்றாமல் இருப்பதே படிப்பவருக்கு உதவி.

அடுத்தது ‘படிமம்’. உருவம், சிலை என்ற பொருளில் பழக்கமான சொல். எம்.ஆர்.ஐ.க்குக் ‘காந்த ஒத்ததிர்வுப் படிமம்’ என்ற பெயர் சரியாகவே பொருந்துகிறது. வலுவான காந்தத்துக்குள் சில வகை அணுக்கருக்கள் ஒவ்வொன்றுக்கும் தனக்கான அதிர்வெண் உண்டு. அதே அதிர்வெண்ணில் அலையை அனுப்பினால் அது ஒத்து அதிர்ந்து பதில் தரும். வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஹைட்ரஜனின் பதிலைக் கேட்கிறது. 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் அதற்குச் சுமார் 128 மெகாஹெர்ட்ஸ். சோடியத்துக்குச் சுமார் 34. வானொலியில் நிலையம் மாற்றுகிற மாதிரிதான். ஊசி எதுவும் போடுவதில்லை, உடலில் ஏற்கெனவே இருக்கும் சோடியமே போதும்.

ஆனால் பதில் மெலிதாக வரும், சட்டென்று மறைந்தும் போகும். அதனால் படம் மங்கலாக இருக்கும். அதைப் பார்த்தால் முதலில் தெரிவது இரண்டு கண்விழிகள், வெளிச்ச வட்டங்களாக. அப்புறம் மூளையைச் சுற்றியும் அதன் உள்ளறைகளிலும் இருக்கும் தண்டுவட நீர் பளிச்சென்று தெரியும். மூளைத் திசு மங்கிக் கிடக்கும். அந்த மங்கல் எவ்வளவு என்று அளப்பதுதான் வேலையே.

ஏன் அளக்க வேண்டும்? செல்லுக்கு வெளியே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. உள்ளே 10 முதல் 15 வரைதான். இந்த வித்தியாசம் தானாக நிற்பதில்லை. செல்சவ்வில் இருக்கும் ஒரு பம்ப், ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதை 1957ல் விளக்கிய டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தலை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன. சோடியம் உள்ளே புகுகிறது. அதை வெளியேற்ற பம்ப் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது.

அப்படியானால் படிமத்தில் சோடியம் கூடித்தானே தெரிய வேண்டும்? 2021ல் வெளியான ஓர் ஆய்வு, லேசாக அடிபட்டவர்களின் மூளையில் பரவலாகச் சோடியம் குறைந்திருப்பதாகச் சொன்னது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தின் ஒவ்வொரு சிறு சதுரத்திலும் வருவது உள்ளும் வெளியும் சேர்ந்த மொத்தம். செல்கள் கொஞ்சம் வீங்கி வெளியிடம் சுருங்கினால், உள்ளே சோடியம் கூடியிருந்தும் மொத்தம் குறையலாம். இதைப் பிரித்துச் சொல்வது கடினம். இந்த முறை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களிலேயே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘லேசான தலைக்காயம்’ என்ற தொடரில் எனக்கு முழு உடன்பாடில்லை. லேசான என்பது அடிபட்டவுடன் நினைவுநிலையைப் பார்த்து இடும் மதிப்பு, 1974ல் வந்த கிளாஸ்கோ அளவையில் 13 முதல் 15 வரை (15 என்றால் முழு நினைவு). பின்னால் படும் பாட்டை அது சொல்வதில்லை. காயம் என்றால் இரத்தம் கண்ணில் படுகிறது. இங்கே அது இல்லாமலும் இருக்கலாம். இப்படி மூளை குலுங்குவதற்கு ஆங்கிலத்தில் கன்கஷன் என்று பெயர். உலுக்குவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ‘மூளை அதிர்ச்சி’ என்பதைவிட ‘மூளை அதிர்வு’ நேராக இருக்கிறது. அதிர்ச்சி என்றதும் துக்கச் செய்திதான் நினைவுக்கு வரும்.

எழுதும்போது ‘மூளைத் திசுச் சோடியம் குறைந்திருந்தது’ என்று முழுதாக எழுதுங்கள். வெறுமனே ‘சோடியம் குறைவு’ என்றால் இரத்தத்தில் குறைவதாக எடுத்துக்கொள்வார்கள். அது வேறு நோய், அதற்கு மருத்துவமும் வேறு.