மூன்று ஓட்டைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள்: தோட்டா சோதனை பற்றி

நூறு மீட்டரில் வைத்த பேப்பர் டார்கெட், அதில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மூன்று ஓட்டைகள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். இப்படிப் படங்கள் என் போனுக்கு அடிக்கடி வரும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்கள், அங்கே சட்டப்படி தாங்களே வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்களைச் சுட்டுவிட்டு அனுப்புவார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் .22 என்ற சிறிய ரக ரைஃபிளில் பழகும் பிள்ளைகள் புது லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) தோட்டா கைக்கு வந்ததும் அனுப்புவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், இதையே வச்சுக்கலாமா?"

தோட்டாவையும் மருந்தையும் சோதிக்கும் வேலையிலேயே என் உத்தியோக காலம் கழிந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மூன்று ஓட்டைகளைப் பார்த்து ஒரு தோட்டாவை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. ஐந்தைப் பார்த்தும் பெரிதாகச் சொல்ல முடியாது.

விஷயத்துக்குள் போவதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது, விற்பது மட்டுமல்ல, சோதிப்பதும் குற்றம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். ரைஃபிள் வைத்துக்கொள்ள வாங்கிய லைசென்ஸ், வீட்டில் தோட்டா நிரப்புவதற்கான லைசென்ஸ் ஆகாது. தாத்தா காலத்து எஸ்டேட் பங்களாவில் பழைய நிரப்பும் கருவி கிடக்கிறது, வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். அருவங்காட்டில் 1903இல் கார்டைட் என்ற வெடிமருந்தின் ஃபேக்டரி வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக மருந்தோடு புழங்கிய குடும்பங்கள் இந்த மலையில் ஏராளம். அவர்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அப்படியானால் இங்கே இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை எதற்கு? .22 தோட்டாவை வீட்டில் நிரப்பவே வழியில்லை. பற்றவைக்கும் பொருள் அதன் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஒருமுறை சுட்டால் அந்தக் கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) முடிந்தது. ஆனால் ஒரே கம்பெனி, ஒரே பெட்டி நிறம் என்றாலும் லாட்டுக்கு லாட் குணம் மாறும். அதனால் போட்டிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் லாட்டைச் சோதித்தாக வேண்டும். கையால் நிரப்பிய தோட்டாவுக்கும் லாட் சோதனைக்கும் கணக்கு ஒன்றுதான்.

சரி, அந்தக் கணக்குக்கு வருவோம்.

ஒரு ரைஃபிளும் ஒரு தோட்டாவும் சேர்ந்து 100 மீட்டரில் ஏற்படுத்தும் சிதறல், நிலைக்குத்திலும் கிடைமட்டத்திலும் 10 மில்லிமீட்டர் திட்ட விலக்கம் கொண்டது என்று வையுங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த அதே திட்ட விலக்கம்தான். இந்தத் தோட்டாவை மூன்று மூன்றாகச் சுட்டு, ஒவ்வொரு குரூப்பிலும், அதாவது சேர்ந்து விழுந்த ஓட்டைகளின் கூட்டத்திலும், மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தால், சராசரி 24 மி.மீ. வரும். ஐந்து ஐந்தாகச் சுட்டால் 31. பத்துப் பத்தாகச் சுட்டால் 38. தோட்டாவும் அதேதான், ரைஃபிளும் அதேதான், சுடுகிறவரும் அவரேதான். எண்ணிக்கை கூடக் கூட குரூப் விரியும், அவ்வளவுதான். ஆக, ஒருவர் மூன்று தோட்டாவில் காட்டும் 24-ஐயும் இன்னொருவர் பத்துத் தோட்டாவில் காட்டும் 38-ஐயும் பக்கத்தில் வைத்து, முன்னது உசத்தி என்று சொல்வது தவறு. இரண்டும் ஒரே தரம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. 24 என்பது சராசரி மட்டுமே. தனியாக ஒரு மூன்று-தோட்டா குரூப்பை எடுத்தால், அதே தோட்டா ஒரு நேரம் 10 மி.மீ. குரூப்பும் காட்டும், இன்னொரு நேரம் 40 மி.மீ. குரூப்பும் காட்டும். இரண்டுமே இயல்பானவை. தாயக்கட்டையை மூன்று தடவை உருட்டி மூன்றிலும் தாயம் விழுந்தால் கட்டையில் விசேஷம் இருக்கிறது என்று ஆட்டம் தெரிந்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ரேஞ்சில் அதைத்தான் செய்கிறோம். 10 மி.மீ. வந்தால் படம் எடுத்து அனுப்புகிறோம், 40 வந்தால் "காற்று அடித்துவிட்டது" என்று பேப்பரைக் கிழித்துப் போடுகிறோம்.

தனியாகத் தள்ளி விழும் ஓட்டையை 'ஃப்ளையர்' என்று சொல்லிக் கணக்கில் சேர்க்காமல் விடும் பழக்கமும் இதே வகைதான். ட்ரிக்கரை இழுத்த நொடியிலேயே, டார்கெட்டைப் பார்ப்பதற்கு முன்பே, "இது என் தப்பு" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அதை நீக்கலாம். பார்த்த பிறகு சொல்லக் கூடாது. தள்ளி விழுந்த அந்த ஓட்டைதான் பெரும்பாலும் அந்தத் தோட்டாவின் உண்மையைச் சொல்கிறது. போட்டியில் அதை யாரும் கழித்துவிட்டு மதிப்பெண் போட மாட்டார்கள்.

நான் பிள்ளைகளைச் செய்யச் சொல்வது இதுதான். இரண்டு லாட்டை ஒப்பிடுகிறீர்களா? ஒவ்வொன்றிலும் குறைந்தது இருபது சுடுங்கள். முதலில் இதில் இருபது, அப்புறம் அதில் இருபது என்று போகாமல், ஐந்து இது, ஐந்து அது என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். இல்லாவிட்டால் குழல் சூடானதும், மூடுபனி இறங்கியதும், உங்கள் தோள் சோர்ந்ததும் எல்லாம் இரண்டாவது லாட்டின் தலையில் விழும். லாட் மாறும்போது முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்; .22 குழலில் பழைய லாட்டின் மெழுகும் கரியும் படிந்திருக்கும். முடிந்தால் எந்தப் பெட்டி எந்த லாட் என்பது சுடுகிறவருக்குத் தெரியாமல் வேறொருவர் எடுத்துக் கொடுக்கட்டும். விலை அதிகமான பெட்டி என்று தெரிந்தாலே கை கொஞ்சம் கவனமாகிவிடுகிறது. கடைசியில், மிகத் தள்ளிய இரண்டு ஓட்டைகளை மட்டும் அளக்காமல், எல்லா ஓட்டைகளின் மையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சராசரி எடுங்கள். இருபது ஓட்டைகள் சொல்லும் சேதியை இரண்டே ஓட்டைகளிடம் கேட்பது வீண் செலவு. தோட்டா விலையும் சும்மா இல்லை.

இனி வேகம். நீண்ட தூரத்துக்கு மருந்து நிரப்புகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். முகப்பு வேகம், அதாவது குண்டு குழலை விட்டு வெளியேறும் வேகம், வினாடிக்கு 800 மீட்டர் அளவில் இருக்கும் ஒரு .308 தோட்டாவை (.22-ஐவிடப் பெரிய ரகம்) எடுத்துக்கொள்வோம். இரண்டு தோட்டாக்களுக்கு இடையே வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், 100 மீட்டரில் அது ஏற்படுத்தும் ஏற்ற இறக்கம் சுமார் 2 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. அதே வித்தியாசம் 600 மீட்டரில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் தூக்கிப் போடும். 100 மீட்டரில் அழகான குரூப் போட்ட தோட்டா தூரத்தில் நெடுக்குவாட்டில் சிதறுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. எந்தத் தூரத்தில் சுடப் போகிறீர்களோ அந்தத் தூரத்திலேயே ஒருமுறையாவது சோதிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வேகத்தை அளக்க குரோனோகிராஃப் இருக்கிறது. அதிலும் எண்ணிக்கைச் சிக்கல் தொடர்கிறது. வேகத்தின் உண்மையான திட்ட விலக்கம் வினாடிக்கு 10 மீட்டராக இருக்கும் தோட்டாவை ஐந்து மட்டும் சுட்டால் கருவி 4 என்றும் காட்டலாம், 15 என்றும் காட்டலாம். முப்பது சுட்டால் பெரும்பாலும் 8-க்கும் 12-க்கும் நடுவில் நிற்கும். மருந்தின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு அளவிலும் ஒன்றோ இரண்டோ சுட்டு, வேகம் ஏறாமல் சமமாக நிற்கும் 'இடத்தை' கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்பவர்கள் நிறைய. அப்படித் தெரியும் சமதளங்களில் பெரும்பாலானவை வெறும் தற்செயல் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. அதே சோதனையை இன்னொரு நாள் செய்து பாருங்கள், சமதளம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

வெளிச்சத்தை வைத்து அளக்கும் குரோனோகிராஃப் நம் மலையில் அவ்வளவு நம்பகமில்லை. ஒரு நிமிடம் வெயில், அடுத்த நிமிடம் பனிமூட்டம் என்றால் அது தடுமாறும். குழலிலேயே கட்டும் வகையில், கட்டியிருக்கும்போது குண்டு விழும் இடமே மாறும். ஆகவே வேகத்தை ஒருமுறையும் குரூப்பை இன்னொருமுறையும் தனித்தனியாகப் பாருங்கள். ரேடார் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் அதிகம்.

மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளியில் இருந்து வருபவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானல் ஏறத்தாழ 2,100. சென்னையின் வெயில் காற்றோடு ஒப்பிட்டால் ஊட்டியின் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. குண்டைத் தடுக்கும் காற்று குறைவு என்பதால் அது வேகத்தை மெதுவாகவே இழக்கும். மேலே சொன்ன .308 தோட்டா 600 மீட்டரில் சமவெளியில் விழுவதைவிட இங்கே கால் மீட்டர் அளவு மேலே போய் அடிக்கும். பக்கக் காற்று தள்ளுவதும் குறையும். ஆகவே ஊட்டியில் நிறுத்திய ஸ்கோப் கணக்கை அப்படியே கோவைக்குக் கொண்டுபோகாதீர்கள். சிதறலையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். 'இந்தத் தோட்டா மலையில் அருமை, கீழே மோசம்' என்றால் குறை தோட்டாவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

காற்றின் திசை இன்னொரு பாடம். பகலில் வெயில் ஏற ஏற காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவில் மேலேறும், மாலையில் குளிர்ந்து கீழிறங்கும். கேத்திப் பள்ளத்தாக்கின் ஓரம் வீடு இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுடும் இடத்தில் அசைவே இல்லாமல் இருக்கும்போது நடுவழியில் காற்று ஓடிக்கொண்டிருக்கும். சோதனைக்கு நான் விரும்பும் நேரம் காலையில் வெயில் சரிவைத் தொடுவதற்கு முன். ஆனால் .22 சுடுகிறவர்களுக்கு அந்த நேரத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒலியின் வேகம் குளிரில் குறையும். 30 டிகிரியில் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர், உறைபனி விழும் காலையில் 331 அளவு. மேட்ச் ரகத் தோட்டாக்கள் பெரும்பாலும் 325 முதல் 330 வேகத்துக்குள் செய்யப்படுகின்றன. சமவெளியில் ஒலிவேகத்துக்கு நன்றாகக் கீழே இருந்த தோட்டா, டிசம்பர், ஜனவரி காலைகளில் அதன் விளிம்பைத் தொடும், சில சமயம் தாண்டும். அந்த எல்லையில் குண்டு அலைக்கழியும்.

மருந்துக்கும் குளிர் தெரியும். சில வகை மருந்துகள் 20 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கு வினாடிக்கு 10 மீட்டருக்கு மேல் வேகத்தை மாற்றிவிடும். காலைக் குளிரில் பாதுகாப்பாக இருந்த அளவு, சமவெளியில் பூட்டிய காருக்குள் கிடந்த பிறகு அழுத்தத்தை எங்கோ கொண்டுபோய்விடலாம். சுட்ட கேஸின் அடியில் இருக்கும் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகப் பரவியிருந்தாலோ, ரைஃபிளின் பின்புறத்தைத் திறந்து மூடும் போல்ட்டைத் தூக்கக் கை சிரமப்பட்டாலோ அன்றைக்குச் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். மிச்சம் இருப்பவற்றையும் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

ட்ரிக்கர் இழுத்ததும் வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொட்' என்று மங்கலாகக் கேட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். ரைஃபிளைக் காலி செய்து, குழலை உள்ளே பார்த்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். சத்தமே வராவிட்டால் முனையை டார்கெட் பக்கமே வைத்துக் காத்திருங்கள். குறைந்தது 30 வினாடி என்பார்கள். என் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒரு முழு நிமிடம். தோட்டா தாமதமாக வெடிப்பது அபூர்வம், ஆனால் அந்த நேரத்தில் போல்ட்டைத் திறந்த கை திரும்பக் கிடைக்காது.

மழைக்காலத்தில் நம் வீடுகளில் அலமாரித் துணியே பூசணம் பூக்கிறது. தோட்டாவைக் காற்றுப் புகாத டப்பாவில், லாட் எண் எழுதிய அதன் சொந்தப் பெட்டியோடு வையுங்கள். இரண்டு லாட்டில் மிஞ்சியதை ஒரே பெட்டியில் கொட்டிக் கலந்துவிட்டால், அந்தத் தோட்டாக்கள் பழகுவதற்கு மட்டும்தான் ஆகும், அவற்றைக் கொண்டு எதையும் சோதிக்க முடியாது.