மாதுமை: மாதுளைக்குத் தங்கச்சி இல்லை

அக்காவுக்கு மகள் பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) கழிக்க வந்த ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து மகம் நட்சத்திரம், ம, மி, மு, மெ என்ற எழுத்துகளில் பெயர் வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, தேங்காயையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டில் சண்டை தொடங்கியது. அத்தான் பக்கத்தார் மதுஷிகா, மிதுஷா, மெலிஷா என்று ஒரு தாளே எழுதி வைத்திருந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாதுமை" என்றாள். ஒரு நிமிடம் யாருமே பேசவில்லை. அப்புறம் பெரிய மாமி கேட்டார்: "அதென்ன பேர் பிள்ளை, மாதுளைக்குத் தங்கச்சியோ?"

அன்றிலிருந்து இந்தப் பெயரை யாராவது கேட்டால் விளக்கம் சொல்வது என் வேலை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் எழுதியே வைக்கிறேன்.

மாதுமை என்பது திருகோணமலைச் சிவன் கோயிலில் கோணேசருக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பாளின் பெயர். கோயிலில் மாதுமையாள், மாதுமை அம்மை என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நயினாதீவு அம்மனை நினைத்து நாகபூஷணி என்றும் நாகேஸ்வரி என்றும் பெயர் வைத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள், ஆனால் மாதுமை என்று கூப்பிட்டு யாரும் திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை, என்னோடு படித்தவர்களில் ஒருத்திகூட இல்லை. எங்கள் அம்மம்மா காலத்தில் பொன்னம்மா, செல்லம்மா, நாகம்மா. அம்மா காலத்தில் எல்லாரும் ஈஸ்வரி: மகேஸ்வரி, பரமேஸ்வரி, யோகேஸ்வரி. எங்கள் காலத்தில் ஷினி, ஷிகா, ஷனா. நடுவில் யாழினி, கயல்விழி என்று ஒரு நல்ல காற்றும் அடித்தது. இந்த எந்த அலையிலும் மாதுமை ஏறவில்லை, கடலுக்குப் பக்கத்துக் கோயிலிலேயே இருந்துவிட்டாள்.

சரி, பொருளுக்கு வருவோம். கேட்டவர்கள் இதுவரை மூன்று ஊகம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, மதுவிலிருந்து வந்தது, 'இனிமையானவள்'. இது பிழை. முதல் எழுத்து மா, ம இல்லை. இரண்டாவது மாமியின் மாதுளை, அதை விட்டுவிடுவோம். மூன்றாவது கொஞ்சம் யோசித்துச் சொன்னது: பெண்மை, தாய்மை, இளமை மாதிரி மாது + மை, அதாவது பெண் தன்மை. ஒரு தமிழ் வாத்தியாரே இப்படித்தான் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சரியில்லை. கோயிலில் மாதுமையாள் என்று சொல்வதைக் கவனியுங்கள். தாய்மையாள், பெண்மையாள் என்று யாரும் ஒரு ஆளைக் கூப்பிடுவதில்லை. உமையாள் என்று கூப்பிடுவார்கள். "உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்" என்று திருவண்ணாமலைத் தேவாரம் தொடங்குகிறதே, அந்த உமையாள்தான் இங்கேயும் இருப்பவள்.

மாது + உமை. அவ்வளவுதான். மாதாகிய உமை, உமை என்னும் பெண்.

எப்படிச் சேர்ந்தது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மாது என்பதில் கடைசி து குற்றியலுகரம், நெடிலைத் தொடர்ந்து வருகிறது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்தக் குட்டி உகரம் கழன்றுவிடும். "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்" என்று நன்னூல் சொல்வது இதைத்தான். காது + ஓலை = காதோலை. மாத் + உமை = மாதுமை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஓடிப்போனதும் ஒரு உகரம், வந்து உட்கார்ந்ததும் ஒரு உகரம், அதனால் கேட்கும் காதுக்கு எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறது. 'மாது'வை முழுதாகக் கேட்டுவிட்டு மிச்சம் இருக்கும் 'மை'யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். வாத்தியார் வழுக்கிய இடமும் இதுதான்.

இனி ஒவ்வொரு பாதியாக. மாது என்றால் பெண் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் இதன் உறவுச் சொல்லான மாதர் பழைய தமிழில் வேறொரு பொருளிலும் வந்திருக்கிறது. தொல்காப்பியம் உரியியலில் இரண்டே சொல்லில் ஒரு சூத்திரம்: "மாதர் காதல்". மாதர் என்றால் காதல், விருப்பம். அப்பர் திருவையாற்றில் "மாதர்ப் பிறைக்கண்ணி யானை மலையான் மகளொடும் பாடி" என்கிறபோது பெண்களைச் சொல்லவில்லை, விரும்பத்தக்க அழகான பிறையைச் சொல்கிறார். அதே தொல்காப்பியம் 'மாது' என்பதை, தனக்கென்று பொருள் இல்லாத வெறும் அசைச்சொல் பட்டியலிலும் போட்டு வைத்திருக்கிறது, அது வேறு கதை. அக்காவுக்கு நான் இதைச் சொன்னபோது "அப்ப என்ர பிள்ளை பாதி அசைச்சொல்லோ" என்று முறைத்தாள்.

உமை வடமொழி உமாவிலிருந்து வந்தது. ஆ என்று முடியும் வடசொல் தமிழுக்கு வந்தால் ஐ ஆகிவிடும்: சீதா சீதை, ராதா ராதை, கங்கா கங்கை, சபா சபை. அந்த வரிசையில் உமா உமை. கேனோபநிடதத்தில் இந்திரனுக்கு முன்னால் தோன்றி, வந்து போனது பிரம்மம் என்று சொல்லிக்கொடுப்பவள் உமா ஹைமவதி, அதாவது பனிமலையின் மகள். பெயர் ஏன் வந்தது என்பதற்குக் காளிதாசன் குமாரசம்பவத்தில் அழகான ஒரு காரணம் சொல்கிறார். பெண் தவம் செய்யக் கிளம்புகிறாள், தாய் மேனை தடுக்கிறாள்: "உ, மா". உ என்பது விளி, மா என்பது வேண்டாம். எங்கள் ஊர்ப் பேச்சில் "எடியே, வேண்டாம்!" தாய் கத்திய கத்தல் மகளுக்குப் பெயராகிவிட்டது. இலக்கணக்காரர் ஒத்துக்கொள்வார்களோ தெரியாது, ஒவ்வொரு வீட்டிலும் தாய்மார் ஒத்துக்கொள்வார்கள். அதே மொழியில் உமா என்றால் ஆளிவிதைச் செடி என்றும் பொருள் இருக்கிறது. சைவப் பெரியவர்கள் கேட்டால் ஓம் என்பதில் இருக்கும் அ, உ, ம என்ற மூன்று ஒலியையும் இடம் மாற்றிப் போட்டால் உமா என்பார்கள். யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் இருக்கும் ஐந்துசந்திப் பக்கம் பிள்ளைகள் தாயை உம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு இதோடு முடிச்சுப் போட எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது, ஆனால் அது அரபியிலிருந்து வந்த சொல், தனிப் பாதை.

அப்போ இது தமிழ்ப் பெயர் இல்லையா என்றுதான் அடுத்த கேள்வி வரும். திருமுருகாற்றுப்படையில் "உமையமர்ந்து விளங்கும் இமையா முக்கண்" என்று இருக்கிறது. கலித்தொகையில், இராவணன் மலையைத் தூக்கப் பார்த்த அந்தப் பாட்டில், "உமையமர்ந்து உயர்மலை இருந்தனன்" என்று இருக்கிறது. இவ்வளவு காலம் வீட்டுக்குள் இருந்தவளை இனிமேல் விருந்தாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதோடு மாதுமை என்ற கூட்டு வடமொழியில் இல்லை. அது தமிழில், தமிழ்ப் புணர்ச்சி விதியில் செய்த சாமான்.

தனித்தமிழில்தான் வேண்டும் என்றால் உமைக்கு நேர் சொல் மலைமகள். சம்பந்தர் கடல் தாண்டி வராமல் இராமேசுவரத்தில் நின்றே கோணமலையைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அந்தப் பதிகத்தின் முதல் பாட்டிலேயே இந்த அம்பாளை "வரைகெழு மகள்" என்கிறார். வரை என்றால் மலை. வரைமகள் என்று வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும், ஆனால் படம் வரைகிற பிள்ளையோ என்று கேட்பார்கள். எல்லாப் பெயரையும் இப்படி மாற்றப் போவதும் ஆபத்து. கீரிமலை நகுலேசுவரத்தில் அம்பாள் நகுலாம்பிகை. நகுலம் என்றால் கீரி. தமிழாக்கி ஒரு பெண்பிள்ளைக்குக் கீரியம்மை என்று வைத்துப் பாருங்கள், அவள் பெரியவளாகி உங்களோடு கதைக்கமாட்டாள்.

கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெண்கலப் படிமங்கள் வெளியே வந்தன, அதில் பார்வதி இருந்தாள், சோமாஸ்கந்தரும் இருந்தார். சோமாஸ்கந்தர் என்ற சொல்லைப் பிரித்தால் ச, உமா, ஸ்கந்தர், உமையோடும் கந்தனோடும் கூடியவர். அங்கேயும் அவள் புணர்ச்சிக்குள்தான் ஒளிந்திருக்கிறாள், அது அவளுக்குப் பழக்கம் போல.

எழுதும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பிறப்புப் பதிவில் முதலில் 'மதுமை' என்று அடித்துத் தந்தார்கள், அரவு (ம-வை மா ஆக்கும் கால்) போடவில்லை. திருத்தப் போனால் "ரெண்டும் ஒண்டுதானே தங்கச்சி" என்றார் அங்கே இருந்தவர். மூன்று தரம் அலைந்து அரவு வாங்கினோம். ஆங்கிலத்தில் எம்முக்குப் பிறகு ஒரு ஏ போடுவதா இரண்டு போடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அத்தான் இரண்டு என்கிறார், கனடாவில் இருக்கும் சித்தி ஒன்று போதும் என்கிறார். பெரிய மாமி மட்டும் எந்தக் குழப்பமும் இல்லாமல் "மாதுளம், இங்க வாங்கோ" என்று கூப்பிடுகிறார், பிள்ளையும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.