கோவா: கடலே மூடித் திறக்கும் கதவுகள்

கோவா என்றதும் பாகா, கலங்குட், கோல்வா என்று கடற்கரைப் பெயர்களாகத்தான் நாக்கில் வரும். அலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்தால்தான் அந்த மாநிலத்தின் புவியியல் பிடிபடும். மொத்தப் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய நம் மதுரை மாவட்டம் அளவு. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் அரபிக்கடல், நடுவில் சுமார் 60 கிலோமீட்டர்தான்.

மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். தூத்சாகர் அருவியில் விழும் தண்ணீர் மாண்டோவி ஆற்றில் போய்ச் சேருகிறது. தெற்கே ஜுவாரி ஆறு. இரண்டையும் உள்நாட்டில் கும்பார்ஜுவா கால்வாய் இணைப்பதால், தலைநகர் பணஜி இருக்கும் திஸ்வாடி வட்டம் நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவு. பாலத்தில் காரில் கடப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

மழைக்காலத்தில் ஆறு கடலைத் தள்ளும். உப்பு முகத்துவாரம்வரை பின்வாங்கும். கோடையில் ஆற்றில் வேகம் இருக்காது. அப்போது கடல் பல பத்து கிலோமீட்டர் உள்ளே ஏறிவிடும். ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். கடல் இப்படி ஏறி இறங்குவதுதான் ஓதம். பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் இரண்டு மீட்டர்வரை மாறும்.

இந்த ஆற்றங்கரைகளில் ஏற்ற மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிறது. இந்த வயல்களைக் கொங்கணியில் காஜன் என்பார்கள். போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே, ஊர்ப் பொதுவில் நிலம் வைத்திருந்த காவ்ங்காரி அமைப்புகள் சதுப்பை வளைத்து உருவாக்கியவை. ஆற்றோரம் களிமண்ணும் வைக்கோலும் மூங்கிலும் சேர்த்து எழுப்பிய கரை. அலை மோதும் முகத்தில் செம்புரைக்கல் அடுக்கு. அதற்கும் முன்னால் உப்புநீர்ச் சதுப்பில் வளரும் அலையாத்தி மரங்கள். நண்டு துளைத்த சின்னப் பொந்து போதும், அதன் வழியே ஆறு உள்ளே வந்துவிடும். ஆகவே கரையைப் பார்த்துக்கொள்வது ஆண்டு முழுவதும் ஓயாத வேலை.

கரையில் ஆங்காங்கே மதகு, உள்ளூர்ப் பெயர் மானஸ். அதன் மரக்கதவுகள் ஆற்றுப் பக்கமாக மட்டுமே திறக்கும். கடல் ஏறி ஆற்றுமட்டம் உயர்ந்தால் வெளி நீரே கதவைச் சட்டத்தோடு அழுத்தி மூடிவிடும். வற்றத்தில் வெளிமட்டம் இறங்க, உள்ளே நிற்கும் நீர் கதவைத் தள்ளித் திறந்து வெளியேறும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. முதல் மழைகள் மண்ணிலிருக்கும் உப்பைக் கரைக்கும். ஒவ்வொரு வற்றத்திலும் அந்த உவர்நீர் மதகு வழியே வடியும். அதன் பிறகு உப்பைத் தாங்கும் கோர்குட் நெல்லை விதைப்பார்கள். எனக்குத் தெரிந்து, ஓதத்தையே வேலைக்காரனாக வைத்த இவ்வளவு எளிய பொறியியல் அபூர்வம்.

கோவாவின் மற்ற நில வடிவங்களும் நீரோடு பிணைந்தவை. ஊர்களுக்கு மேலே இருக்கும் செம்புரைப் பீடபூமிகள் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி, அடிவாரத்தில் ஊற்றாகக் கசியவிடுகின்றன. அதே பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள்தான் அகுவாதா, தோனா பாவ்லா. தெற்கே சால்செட் வட்டத்தில் அப்படிப்பட்ட முனைகள் இல்லாததால் மணல் சுமார் 25 கிலோமீட்டர் ஒரே நீளமாகக் கிடக்கிறது. அந்த மணல்மேடுகளைத் தாண்ட முடியாமல் சால் ஆறு கடலுக்கு இணையாகவே தெற்கே ஓடி, பேதுலில்தான் வழி காண்கிறது.

காஜன்களுக்கு வந்த சிக்கல் மீனால் வந்தது. வற்றத்தில் மதகில் வலை கட்டினால் இறாலும் மீனும் சிக்கும். அந்த உரிமை ஏலம் போகும். ஏலம் எடுத்தவருக்குக் கதவு திறந்து கிடந்தால் லாபம், விவசாயிக்கு நஷ்டம். நெல்லுக்கு விலையில்லாத காலத்தில் யார் பேச்சு எடுபடும்? கதவு திறந்தே கிடக்கும் வயலில் முதலில் உப்பு ஏறுகிறது, பிறகு அலையாத்திக் கன்றுகள் வேர் பிடிக்கின்றன. அலையாத்தி சட்டப் பாதுகாப்புள்ள மரம் என்பதால், மனம் மாறி மறுபடி உழ வருகிற விவசாயியும் அதை இஷ்டப்படி வெட்டிவிட முடியாது.